இரண்டும் ஒத்துவரும் வரை

வாசற்கல் நனைந்திருந்தது.

கம்பெனியிலிருந்து திரும்பி, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, வழக்கம்போல அந்தக் கல்லின் மேல் நின்று கால் கழுவப் போன ஆறுமுகசாமி முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்துவிட்ட கிழக்குக் காற்று எலப்புள்ளி கிராமத்துப் பனைகளையெல்லாம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த மட்டைகள் ஒன்றோடொன்று உரசுகிற அந்தச் சரசரப்பு தை மாதம் முடிகிறவரை ஓயாது. கேட்டே வளர்ந்த காதுக்கு அது ஒரு சத்தமாகவே படாது. செம்பில் தண்ணீர் மொண்டு குனிந்தபோதுதான், கல்லிலிருந்து கிளம்பி நிலைப்படியைத் தாண்டி வீட்டுக்குள் போயிருந்த ஈரக் காலடிகளைக் கண்டான். ஆண்பிள்ளைக் கால். அகலமான பாதம். இடது காலில் சுண்டுவிரல் பதியவில்லை.

அவனுக்கும் இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. சின்ன வயதில் வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டி கொண்டுபோய்விட்டது.

"பொன்னாத்தா, யாரு வந்தது?"

அவன் மனைவி கையில் கழுவின சோற்று வட்டிலோடு எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, தோட்டத்தைப் பாத்துட்டு வாரேன்னு பின்வாசல்ல போனீங்க. முன்வாசல்ல வந்து நிக்கறீங்க?"

"நான் இப்பத்தான் புள்ள கம்பெனியிலிருந்து வாரேன்."

"செரி, செரி. இப்பத்தான் வகுறு முட்ட உண்டீங்க. மறுக்கா வேணும்னா வேணும்னு கேளுங்க, அதுக்கு எதுக்கு இந்த நாடகம்?" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் அவன் வாயை அடைத்தது. போன வைகாசியில் ஆறு மாதக் குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பிறகு பொன்னாத்தாள் சிரித்து அவன் பார்த்ததில்லை. அவனும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுத்தால் உடைந்து போவோம் என்ற பயம் அவனுக்கு. இந்த மனுசனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்கிற எண்ணம் அவளுக்கு. இரண்டுக்கும் நடுவில் வீடு ஊமையாகக் கிடந்தது. இப்போது சிரிக்கிறாள். காரணம் கேட்டு அதைக் கெடுத்துக்கொள்வானேன்? ஆறுமுகசாமி கால் கழுவி உள்ளே போனான். அவனுடைய காலடி, ஏற்கெனவே இருந்த காலடியின் மேல் அச்சுப் பிசகாமல் பதிந்தது.

கம்பெனி என்றால் பம்பு செட்டு செய்கிற கம்பெனி. ரயில் பாதைக்கு அந்தப்புறம், ஜன்னலே இல்லாத ஒரு குளிர் அறையில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பம்பாயில் யாரோ கழித்துவிட்டதை முதலாளி மலிவாகப் பிடித்து வந்தது. பீரோ பீரோவாக நாலைந்து பெட்டி, டேப் சுற்றும் அலமாரிகள், துளை போட்ட அட்டைகளை விழுங்குகிற ஒரு வாய், மெஷினும் ஆளும் பேசிக்கொள்ள ஒரு டைப்ரைட்டர். உள்ளே போனால் எப்போதும் ஒரே வாசனை: சூடேறின தூசி, ரிப்பன் மை, ஏ.சி.யின் பச்சைத்தண்ணீர் வாடை. ஆறுமுகசாமி அதற்கு ஆப்பரேட்டர். ஊரில் அவனுக்கு மூளைப்பெட்டிக்காரன் என்று பேர் வைத்திருந்தார்கள், பாதி மரியாதையாகவும் பாதி கிண்டலாகவும்.

பழைய சிஸ்டத்தில் எல்லாவற்றுக்கும் அவன் வேண்டும். ஒரு வேலை முடிந்ததும் மெஷின் நின்றுவிடும். அடுத்த அட்டைக்கட்டை வைத்து, டேப்பை மாற்றி, டைப்ரைட்டரில் அது கேட்கிறதுக்குப் பதில் அடித்தால்தான் மேலே நகரும். அது போதாது என்று முதலாளி இப்போது புது சிஸ்டம் வரவழைத்திருந்தார். தோசைக்கல்லை அடுக்கினது போன்ற ஒரு டிஸ்க், அதைச் சுழற்ற ஒரு புதுப் பெட்டி, கூடவே அனந்தநாராயணன் என்கிற எஞ்சினீயர். ஆள் பம்பாயில் இருந்தாலும் பிறந்தது பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரம். புது சிஸ்டத்துக்கு ஒரு வேலை முடிந்தால் அடுத்ததைத் தானே எடுத்துக்கொள்ளத் தெரியும். ஆள் வேண்டாம்.

"ஆனா பழசை ஒரேயடியா நிறுத்தப்படாது, கேட்டேளா," என்றார் அனந்தநாராயணன் முதல் நாளே. "கொஞ்ச நாள் ரெண்டையும் ஓட்டணும். காலம்பற பழசுல போட்ட கணக்கையே மத்தியானம் புதுசுலயும் போடணும். பேரலல் ரன்னுன்னு பேரு. ரெண்டு விடையும் ஒத்து வந்துடுத்துன்னா பழசை நிறுத்திடலாம்."

ஆறுமுகசாமிக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏர் பிடித்து உழுகிற காட்டுக்காரன் மகன். இளங்காளையைத் தனியாக ஏரில் கட்ட மாட்டார்கள். வேலை தெரிந்த கிழமாட்டோடு ஜோடி சேர்த்து ஓட்டுவார்கள். கிழது திரும்பினால் இளசும் திரும்பும், கிழது நின்றால் இளசும் நிற்கும். சால் பழகிவிட்டது என்றால் அப்புறம் கிழமாட்டுக்கு வேலையில்லை, சந்தைதான். சந்தைக்குப் போன கிழமாடு எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை.

அவர்கள் வீட்டில் இன்னொரு பழக்கமும் உண்டு. புது மாடு கட்டுத்தறிக்கு வந்ததும் உடமைக்காரன் தன் வியர்வையைத் துண்டால் துடைத்து அதன் மூக்கில் தேய்ப்பான். ஆள் இன்னார் என்று அது அறிந்துகொள்ளும், வேறு கைக்குப் போகாது. புதுப் பெட்டிக்குப் பூசை போட்ட அன்று எல்லாரும் தேங்காயும் பொரியும் தின்றுகொண்டிருந்தபோது, ஆறுமுகசாமி வேடிக்கையாக அதைச் செய்தான். கழுத்தையும் அக்குளையும் துண்டால் ஒற்றி, புதுப் பெட்டியில் காற்று வருகிற துவாரங்களின் மேல் நன்றாகத் தேய்த்து, "பாத்துக்கோ சாமி, நான்தான் உன்ற ஆளு" என்றான். அறையே சிரித்தது. அனந்தநாராயணன்கூடச் சிரித்தார். துவாரங்களுக்குள் காற்று ஒருமுறை நின்று, பிறகு உள்வாங்கியது. பெட்டிக்கு வைத்த குங்குமம் துண்டின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலம் துண்டைத் தேடினான். காணவில்லை.

வாசற்கல் நனைந்து கிடந்தது அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான். அதன்பின் அவனுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோறு தின்கிறபோது பின்வாசலைப் பார்த்தான், மெஷின் ஓடுகிறபோது முதுகுப்பக்கம் பார்த்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

ஆனால் கேட்டில் காவல் இருந்த மொக்கையன் அரளுகிற ஆளில்லை. பள்ளிவாசல் என்கிற தேயிலை எஸ்டேட்டில் காட்டுயானையைத் தகரம் தட்டி விரட்டினவன். ஒரு மத்தியானம் ஆறுமுகசாமி டீக்கடைக்குப் போகக் கேட்டுக்கு வந்ததும் மொக்கையன் பீடியை எடுத்துவிட்டு முறைத்தான்.

"என்னண்ணே, இப்பத்தான சைக்கிள எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறேன்னு போனீக? எந்த வழியா உள்ள வந்தீக?"

"நானா?"

"பெறகு நானா? துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனீகள்ல."

ஆறுமுகசாமி திரும்பிப் பார்த்தான். அவனுடைய சைக்கிள் கொட்டகையில் அதே இடத்தில்தான் நின்றது. தொட்டான். சீட்டு சூடாக இருந்தது. வெயில் படாத கொட்டகை அது.

டீ குடிக்காமலே உள்ளே திரும்பினான். மத்தியானச் சாப்பாட்டு நேரம், நடையில் ஆளில்லை. குளிர் அறைக் கதவுக்கு வருவதற்கு முன்பே டைப்ரைட்டர் சத்தம் கேட்டது. தானாக அடித்தால் அது ஒரே சீராக, மழை தகரத்தில் விழுகிற மாதிரி அடிக்கும். இது அப்படி இல்லை. டக். கொஞ்சம் நிறுத்தம். டக் டக். மறுபடி நிறுத்தம். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிற, கடைசி எழுத்தை மட்டும் ஓங்கி அடிக்கிற ஒருத்தனுடைய சத்தம். அப்படி அடிக்கிறவன் இந்தக் கம்பெனியில் ஒரே ஆள்தான். அவன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான்.

கதவைத் தள்ளினான். அறையில் யாரும் இல்லை. டைப்ரைட்டருக்கு முன்னால் நாற்காலி மெதுவாகச் சுழன்று நின்றது. புதுப் பெட்டிக்குள் டிஸ்க் சுற்றுகிற ஊமைச் சத்தம். பச்சைத்தண்ணீர் வாடைக்கு நடுவே வேறொரு வாடை. அவன் கிட்டே போனான், முகர்ந்தான்.

வியர்வை. அவனுடையது.

அன்று வீட்டில் கூரையில் ஒழுகிக்கொண்டிருந்த ஓடுகள் மாற்றப்பட்டிருந்தன. ஆறு மாதமாக அவன் நாளை நாளை என்று தள்ளிப்போட்ட வேலை. பொன்னாத்தாள் தலைக்குக் குளித்துக் கனகாம்பரம் வைத்திருந்தாள். சோறு போட்டுவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நேத்துப் பேசுன மாதிரியே பேசுங்க."

"என்ன பேசுனேன்?"

"என்ற வாயால மறுக்கா சொல்லணுமாக்கும்?" அவள் கண் கலங்கியது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. "புள்ளையப் பத்தி இத்தன நாளா ஒரு வார்த்த பேசாதவரு, நேத்து எம்மடியில தலைய வெச்சு அழுதீங்க. நீங்களும் அழுவீங்கன்னு எனக்கு இப்பத்தானே தெரியுது. அப்பறந்தான் எனக்கு உசிரு திரும்புச்சு."

ஆறுமுகசாமி உருட்டின சோற்றை வட்டிலிலேயே விட்டான். பயம் பாதி, பொறாமை பாதி. பயத்தைவிடப் பொறாமைதான் அதிகம் சுட்டது என்பதுதான் நிஜம். நேற்று அவன் கம்பெனியிலிருந்து வந்தபோது அவள் தூங்கிவிட்டிருந்தாள். அவள் மடியில் அழுதது அவன் இல்லை. அவளுக்கு உயிரைத் திருப்பிக் கொடுத்தது அவன் இல்லை. 'அது நானில்லை' என்று சொன்னால் அவள் எதை இழப்பாள் என்று அவனுக்குத் தெரியும். மீதிச் சோற்றைத் தின்று முடித்தான்.

மறுநாள் எஞ்சினீயரிடம் சுற்றிவளைத்துக் கேட்டான். "ஏனுங்க சார், ரெண்டு விடையும் ஒத்து வரலைன்னா?"

"முதல்ல வராது. தினம் தினம் வித்தியாசம் குறைஞ்சுண்டே வரும். புதுசு கத்துக்கறதோன்னோ."

"பழசுதான் சரியா இருந்துச்சுன்னா?"

"புதுசைத் திருத்துவோம்."

"புதுசு சரியா இருந்து, பழசு தப்பா இருந்துச்சுன்னா?"

அனந்தநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழசை யாரு ஓய் திருத்திண்டிருப்பா?"

அதற்குப் பிறகு வந்த நாட்களில் வித்தியாசம் அவர் சொன்னபடியே குறைந்தது. கணக்கிலும் குறைந்தது, மற்றதிலும் குறைந்தது. முதலில் மொக்கையன் ஆறுமுகசாமியைக் கண்டால் குழம்புவான்; பிறகு குழம்புவதை விட்டான்; பிறகு நிமிர்ந்து பார்ப்பதையும் விட்டான். டீக்கடையில் இரண்டு முறை கேட்டால்தான் கிளாஸ் வந்தது, அப்புறம் மூன்று முறை. அவன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கல் நனைந்திருந்தது. எவ்வளவு வேகமாகச் சைக்கிளை மிதித்தாலும், குறுக்கு வரப்பில் போனாலும், கல் நனைந்திருந்தது. யாரும் கண்ணில் படவில்லை. பின்கதவு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். இலைச்சருகு ஒதுங்கிய பாதையில் யாரோ நடந்துபோகிற சத்தம், பனைமட்டைச் சத்தத்துக்குள் கலந்து தேய்ந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை குளிர் அறை வாசலில் அனந்தநாராயணன் இரண்டு அச்சுத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, பென்சிலை மேசையில் போட்டார். "ஒரு பைசா வித்தியாசமில்லை. இன்னிக்கே நிறுத்திடலாம்."

ஆறுமுகசாமி ஒரு முடிவுக்கு வந்திருந்தான். இழுத்துப் பூட்டி வைத்திருந்ததை அவன்தான் அவளிடம் சொல்ல வேண்டும், அவன் வாயால், அது வருவதற்கு முன்னால். அவன் பெண்டாட்டி. அவன் பிள்ளை. அவன் மண் தோண்டி, அவன் கையால் படுக்க வைத்த பிள்ளை. கடைசியாகக் குளிப்பாட்டும்போது குழந்தையின் கறுப்பு அரைஞாண் கயிற்றை அவிழ்த்து யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டிருந்தான். சைக்கிள் சீட்டுக்கடியில் இருக்கிற தோல்பைக்குள், ஸ்பேனருக்குக் கீழே, அதை வைத்திருந்தான். தினமும் கம்பெனிக்குப் போகும்போது அந்தப் பையை ஒரு தடவை தொடுவான். இது எந்தக் காளைக்கும் தெரியாத சால். இது ஒன்று போதும், அவனை அவனாக நிறுத்த.

"சார், நான் வீட்டுக்குக் கிளம்பறேனுங்க."

அனந்தநாராயணன் நிமிரவில்லை. அவன் மறுபடி சொன்னான். அவர் தாளை மடித்துக்கொண்டு, அவனைத் தாண்டி, அறைக்குள் பார்த்து, "ஆறுமுகசாமி, பழசை நிறுத்திடுங்கோ" என்றார்.

உள்ளிருந்து "சரிங்க சார்" என்று பதில் வந்தது.

திரும்பிப் பார்க்கக்கூடாது என்று மட்டும் அவனுக்குத் தோன்றியது. ஓடினான். கேட்டுச் சங்கிலியை மொக்கையன் அவிழ்க்கவில்லை. ஆறுமுகசாமியே சங்கிலிக்கடியில் குனிந்து, சைக்கிளைச் சாய்த்து இழுத்துக்கொண்டு போனான். காற்று எதிர்க்காற்று. பாதி நிலா வானத்தில் சாயங்கால வெயிலோடு நின்றது. பனைகள் இருபுறமும் ஓலமிட்டன. மிதித்தான். மிதித்தான். வாய்க்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே மிதித்தான்.

வாசற்கல் காய்ந்திருந்தது.

அழுகையே வந்துவிட்டது அவனுக்கு. கால் கழுவாமலே உள்ளே போனான். பொன்னாத்தாள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். பார்த்தாள்! அவன் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"பொன்னாத்தா, நான் சொல்றதக் கேளு. அன்னைக்குப் புள்ளையப் பொதைக்கறப்ப நான் அழுவலைன்னு நீ நெனச்சே. குழிக்குள்ள எறங்குனவன் ஏறவே மாட்டேன்னுதான் இருந்தேன். மேல நின்னவங்கதான் கையப் புடிச்சு இழுத்தாங்க. ராத்திரி நீ அழுவறது எனக்குக் கேக்கும். தூங்கற மாதிரி கெடப்பேன். திரும்பிப் படுத்தா உன்ற மூஞ்சியப் பாக்கோணும். பாத்தா நான் செத்துருவேன் புள்ள."

சொல்லி முடித்ததும் நெஞ்சில் ஏதோ இறங்கினது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பரிவு இருந்தது. ஆச்சரியம் மட்டும் இல்லை.

"தெரியுமுங்க," என்றாள் மெல்ல. "இதேதானே சொன்னீங்க. ஒரு வார்த்த மாறாம."

அவன் விழித்தான். "இல்ல. இரு. இன்னொண்ணு இருக்குது. நான் யாருக்குமே காட்டாதது." எழுந்து ஓடி, சைக்கிள் சீட்டுக்கடியில் பையைத் திறந்து கையை விட்டான். ஸ்பேனர். பஞ்சர் ஒட்டுகிற ரப்பர். கொஞ்சம் மண்.

வேறு ஒன்றும் இல்லை.

நிலைப்படியில் நின்று திரும்பிப் பார்த்தான். பொன்னாத்தாள் இடது கையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு, ரொம்பச் சின்னது, இரண்டு சுற்றுக்குக்கூட வராதது.

"நேத்து நீங்கதானே கட்டிவுட்டீங்க," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அவள் கண் அவன் நின்ற இடத்தில் நிலைக்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ஒத்து வந்துவிட்டது. கடைசி வித்தியாசத்தையும் அவனே தன் வாயால் தீர்த்துவிட்டான்.

காற்று நின்றது.

பனைமட்டைச் சத்தம் இல்லை. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் இல்லை. அந்த அமைதிக்குள், அவன் முதுகுக்குப் பின்னால், கல்லின் மேல் தண்ணீர் விழுந்தது. ஒரு செம்பு. இன்னொரு செம்பு. பாதத்தோடு பாதம் தேய்க்கிற சத்தம்.

பொன்னாத்தாளின் முகம் மலர்ந்தது. "வந்துட்டீங்களா?"

ஈரக் காலடி அவன் பக்கவாட்டில் வந்தது. ஒன்று. அடுத்தது, சுண்டுவிரல் இல்லாதது. அவன் தன் காலைப் பார்த்தான். புழுதியில் அத்தனை தூரம் வந்த கால். தரையில் அதன் தடம் ஒன்றுகூட இல்லை.

வந்தவன் அவனைத் தாண்டிப் போகவில்லை. எதிரே வந்து நின்றான். அவனை இனிப் பார்க்கிற கண் அது ஒன்றுதான். அந்த முகத்தில் கோபம் இல்லை, கேலி இல்லை. காலையில் அறையைத் திறந்ததும் மெஷினின் மேல் தூசி படிந்திருக்கிறதா என்று அவன் பார்ப்பானே, அந்தப் பார்வை. தோளிலிருந்து துண்டை எடுத்தான். மூலையில் குங்குமக் கறை. அதிலிருந்து ரிப்பன் மை வாடையும் பச்சைத்தண்ணீர் வாடையும் வந்தது.

ஆறுமுகசாமி கத்த வாயைத் திறந்தான்.

துண்டு முதலில் அந்த வாய்க்குத்தான் வந்தது. குளிர்ந்த துண்டு. ஒரே இழுப்பு. அது போன பிறகு திறப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"ஏனுங்க, அங்க நின்னுட்டு என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள. தூசி."

அவள் சிரித்தாள். ஒரு வட்டில் மட்டும் எடுத்து வைக்கிற சத்தம். துண்டு மடிக்கப்பட்டது, மூலை சரிபார்க்கப்பட்டது, ஆறுமுகசாமியின் நெற்றி துடைத்தெடுக்கப்பட்டது. மாட்டின் மூக்கில் தேய்க்கிற பதத்தோடு, நிதானமாக, அது கண்களுக்கு இறங்கியது.